வழக்குக்காகக் கட்சிக்காரர் கொடுத்த செலவுப் பணத்துக்கு நீங்கள் எப்படிக் கணக்கு எழுதுகிறீர்கள்?

குடமுருட்டிக் கரை
திங்கள், இரவு 9.10

பாபநாசத்தில் ஆறு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். சென்ற தை மாதம் எங்கள் சீனியர் உடல்நலம் குன்றி ஓய்வெடுத்துக்கொண்டார். அலுவலகமும் நூற்றுக்கு மேற்பட்ட வழக்குக் கட்டுகளும் என் பொறுப்புக்கு வந்தன.

போன வாரம் ஒரு கட்சிக்காரரின் மகன் வந்தார். அவருடைய அப்பா 3,00,000 ரூபாய் புரோநோட்டு வழக்கின் வாதி. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, நீதிமன்றத்திலும் சமரசம் பதிவாகிவிட்டது. “அப்பா மூன்று தடவையாக 30,000 கொடுத்திருக்கிறார். மீதி இருக்கிறதா, நாங்கள் இன்னும் தர வேண்டுமா? எதுவானாலும் சொல்லிவிடுங்கள் அம்மா” என்றார். சண்டை போட வந்தவரில்லை. பையில் வாழைப்பழச் சீப்போடு வந்தவர். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சீனியரின் நாட்குறிப்பில் “20,000 வந்தது” என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அதில் கட்டணம் எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று இல்லை. பிறகு வந்த இரண்டு 5,000 ரூபாய் எங்குமே இல்லை. சீனியர் நேர்மையானவர்; அவர் கையில் பத்து ரூபாய் தவறாகப் போயிருக்காது என்று எங்கும் சொல்வேன். ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

சில நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். உங்கள் அலுவலகங்களில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? சட்டக் கல்லூரியில் கணக்கு எழுத யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

•

கீழ்வேளூர் இளையவர்
திங்கள், இரவு 9.32

எங்கள் அலுவலகத்திலும் இதே நிலைமைதான் அக்கா. மேசை இழுப்பறையில் பணம் போகும், அதிலிருந்தே வரும். இழையைத் தொடர்கிறேன்.

•

வெண்ணாறு
திங்கள், இரவு 10.05

முப்பத்து மூன்று ஆண்டுகளாகத் திருவாரூர்ப் பக்கம் வழக்கு நடத்துகிறேன். அம்மா, இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. நம் பகுதியில் மொத்தமாகப் பேசுவதுதான் வழக்கம். “வழக்கு முடியும்வரை எல்லாச் செலவும் சேர்த்து இவ்வளவு” என்று வாயால் பேசி முடித்துவிடுவோம். விவசாயியிடம் ஆண்டு முழுவதும் பணம் இருக்காது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்திலிருந்து பணம் வந்த பிறகு கொண்டுவந்து கொடுப்பார். சிலர் இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அவரிடம் போய் நகல் எடுத்த செலவு 40 ரூபாய், தபால் 30 ரூபாய் என்று சீட்டு நீட்டினால், “வக்கீல் ஐயாவுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டதா” என்றுதான் நினைப்பார். இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

•

பழைய குமாஸ்தா
செவ்வாய், காலை 6.20

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக 38 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். வெண்ணாறு ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்சிக்காரர் கணக்குக் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்கத் துணிவதில்லை என்பதே சரியான சொல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகம் எது என்பது வேண்டாம். ஒரு குத்தகை விவசாயி மீது வருவாய் நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு இருந்தது. குத்தகை பாக்கியைக் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டச் சொல்லி உத்தரவு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்: அந்தக் கெடுவுக்குள் கட்டினால் மனு தள்ளுபடி, தவறினால் நிலத்தை விட்டு வெளியேற்ற உத்தரவு. அவர் கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பே துண்டின் முனையில் முடிந்துகொண்டு வந்து 3,600 ரூபாயை எண்ணி வைத்தார். பத்து ரூபாய்த் தாள்களும் அதில் இருந்தன. நான்தான் வாங்கி இழுப்பறையில் போட்டேன்.

மூன்றாம் நாள் வேறொரு கட்சிக்காரரின் வழக்கைத் தாக்கல் செய்ய நீதிமன்றக் கட்டணம் குறைந்தது. அந்தக் கட்சிக்காரர் பணத்தோடு நாளை வருகிறேன் என்றார். காலக்கெடு அன்றோடு முடிகிறது. இழுப்பறையில் பணம் இருந்தது, எடுத்துக் கட்டினோம். யாரும் திருடவில்லை. நாளை வருகிறேன் என்றவர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் குத்தகை பாக்கியின் கெடு போய்விட்டது. வெளியேற்ற உத்தரவு வந்து, சீராய்வு மனுவுக்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியதாயிற்று. செலவை அலுவலகமே ஏற்றது. ஆனால் அந்த மனிதர் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து “நான் கொடுத்துவிட்டேனே, கொடுத்துவிட்டேனே” என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் இன்னும் இருக்கிறது.

அன்று பேரேடு என்ற கணக்குப் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டாவது கட்சிக்காரரின் பக்கத்தில் இருப்பு ஒன்றுமில்லை என்று தெரிந்திருக்கும். இருப்பு இல்லாதவருக்குச் செலவு செய்கிறோம் என்றால் வேறு யாருடைய பணத்தையோ எடுக்கிறோம் என்று அர்த்தம். யாருடையது என்பதைப் பேரேடு சொல்லும், இழுப்பறை சொல்லாது.

குடமுருட்டி அம்மாவுக்கு: இப்போதைக்கு அந்தக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். வாதுரையில், அதாவது வழக்குத் தொடுத்த மனுவில், நீதிமன்றக் கட்டணம் இருக்கும். தபால் ரசீதுகள், நகல் மனுவின் கட்டணம் எல்லாம் கட்டிலேயே கிடக்கும். செலவுப் பக்கத்தை முக்கால்வாசி மீட்டுவிடலாம். வரவுக்கு அவர்கள் வீட்டு நோட்டைக் கேளுங்கள். விவசாயி எழுதி வைத்திருப்பார்.

•

மன்னை ஆடிட்டர்
செவ்வாய், காலை 8.45

குமாஸ்தா ஐயா எழுதியதைப் படித்துவிட்டு உடனே அடுத்த வேலையைப் பார்க்க முடியவில்லை.

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பல வழக்கறிஞர்களுக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறேன். முதலில் உங்கள் விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளில் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் செய்ய வேண்டிய கடமைகளில் 25 முதல் 32 வரை பெரும்பாலும் பணக் கணக்கைப் பற்றியவை. வந்த தொகை, செலவான தொகை, கட்டணமாக எடுத்துக்கொண்ட தொகை மூன்றையும் தேதியோடு எழுத வேண்டும் என்கிறது 25. பணம் வரும்போதே அது கட்டணமா செலவுக்கா என்று குறிக்க வேண்டும் என்கிறது 26. செலவுக்கென்று வந்ததை வழக்கு நடக்கும் காலத்தில் கட்டணத்துக்குத் திருப்ப வேண்டுமானால் கட்சிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கட்சிக்காரர் சார்பாக யாரிடமிருந்து பணம் வந்தாலும் விரைவில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 27. நகல் எடுக்கும் செலவைக் கொடுத்துக் கேட்டால் கணக்கின் நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 30. கையிலிருக்கும் கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது 31.

அப்பா பணத்துக்குக் கணக்குக் கேட்டு மகன் வந்தது உபகாரம் கேட்பது அல்ல. அது அவர்களுடைய உரிமை.

இரண்டாவது, என்னிடம் அடிக்கடி வரும் தவறான நினைப்பு. “மொத்த வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டும் அனுமான முறையில் இருக்கிறேன், எனக்குப் புத்தகம் எதற்கு?” என்பார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44 ஏடிஏ என்று நாம் பழகிய பிரிவு அது. ஆண்டு மொத்த வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை அந்த வசதி உண்டு. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு.) அது வரித்துறை உங்களுக்குக் கொடுத்த சலுகை. கட்சிக்காரருக்கு நீங்கள் எழுத வேண்டிய கணக்கை அது தள்ளுபடி செய்யவில்லை.

அதோடு, அந்த முறையில் இருப்பவருக்குத்தான் பிரித்து எழுதுவது அதிகம் தேவை. உங்கள் ஒரே வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 18 லட்சம் வந்திருக்கிறது, அதில் 6 லட்சம் நீதிமன்றக் கட்டணத்துக்கும் செலவுக்கும் கட்சிக்காரர்கள் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பேரேடு இருந்தால் உங்கள் தொழில் வரவு 12 லட்சம் என்று காட்டலாம். இல்லையென்றால் வங்கி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் அதிகாரிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? உங்களுடையது அல்லாத 6 லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள்.

•

கீழ்வேளூர் இளையவர்
செவ்வாய், காலை 9.15

ஐயா, ரசீதே இல்லாத செலவுகளை எப்படி எழுதுவது? ஆட்டோ, டீ, கோர்ட் வாசலில் எடுக்கும் நகல் இவற்றுக்கெல்லாம் யாரும் ரசீது தருவதில்லை. இன்னொரு சந்தேகம்: கட்டணம் பாக்கி வைத்துவிட்டு வேறு வக்கீலிடம் போகிறவரின் வழக்குக் கட்டைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா?

•

வெண்ணாறு
செவ்வாய், காலை 9.40

கட்டை நிறுத்தி வைக்கக் கூடாது தம்பி. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டணம் வர வேண்டுமானால் அதற்குத் தனி வழி இருக்கிறது, கட்டு கட்சிக்காரருடையது.

•

பழைய குமாஸ்தா
செவ்வாய், காலை 10.02

ரசீது இல்லாத சில்லறைச் செலவுக்கு நாமே ஒரு செலவுச் சீட்டு எழுதலாம். தேதி, வழக்கு எண், எதற்காக, எவ்வளவு, கொடுத்தவர் கையெழுத்து. அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் எழுதிவிட வேண்டும். மறுநாள் காலை 70 ரூபாயா 90 ரூபாயா என்று மறந்துவிடும். பேரேட்டில் எழுத முடியாத செலவை நான் செய்வதில்லை என்று பிற்காலத்தில் வைத்துக்கொண்டேன். அதனால் சில மனுக்களுக்கு நாலு நாள் கூடுதலாக நடந்திருக்கிறேன், நடந்தது நல்லதே.

•

தரங்கைக்காரர்
செவ்வாய், பிற்பகல் 2.30

சொந்த ஊர் தரங்கம்பாடி. இப்போது லண்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இங்கே கட்சிக்காரர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். நிறுவனத்தின் பணத்தோடு கலக்கவே கூடாது. குறைந்தது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று ஒழுங்குமுறை விதி இருக்கிறது. இந்தியாவின் பார் கவுன்சில் விதிகள் கணக்கு எழுதச் சொல்கின்றன; தனி வங்கிக் கணக்கைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லையே.

நாங்கள் செய்யும் சரிபார்ப்பைப் பாபநாசத்திலும் செய்யலாம், பெரிய மென்பொருள் வேண்டாம். மூன்று தொகைகள் ஒன்றாக வர வேண்டும்: கட்சிக்காரர் பணத்துக்கான ரொக்கப் புத்தகத்தின் இருப்பு, அந்தப் பணத்தை வைத்திருக்கும் வங்கிக் கணக்கின் இருப்பு, எல்லாக் கட்சிக்காரர்களின் பேரேட்டுப் பக்கங்களில் உள்ள இருப்புகளின் கூட்டுத்தொகை. நாற்பது பக்கங்களைக் கூட்டினால் 86,400 வருகிறது, வங்கியில் 81,400 இருக்கிறது என்றால், 5,000 எங்கோ போயிருக்கிறது. காசோலை இன்னும் வசூலாகாமல் இருக்கலாம், பதிவு விட்டுப்போயிருக்கலாம், அல்லது ஒருவர் பணம் இன்னொருவருக்குச் செலவாகியிருக்கலாம். ஒரு மாதத்துக்குள் என்றால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

குமாஸ்தா ஐயா சொன்னதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கும் சொன்னார்கள்: எந்தக் கட்சிக்காரர் பக்கத்திலும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

•

வெண்ணாறு
செவ்வாய், இரவு 8.50

குமாஸ்தா எழுதிய குத்தகை வழக்கு மனதை அறுக்கிறது. என் இழுப்பறையும் அப்படித்தான் இருக்கிறது. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

ஆனாலும் இரண்டு கேள்விகள் எனக்கு உண்டு. ஒன்று, மொத்தமாகப் பேசுவது தவறா? இரண்டு, கட்சிக்காரரின் பக்கத்தில் பணம் இல்லாத நாளில் நீதிமன்றம் தான் நியமித்த ஆணையருக்கான கட்டணத்தைக் கட்டச் சொல்கிறது; வாய்தா தள்ளினால் மனு போய்விடும். நான் கைப்பணத்தைப் போட்டுக் கட்டினால், வழக்குக்காகக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்ற 32-ஆம் விதி என்மேல் பாயுமா? நெல்லையும் எப்படி எழுதுவது என்று ஆடிட்டர் சொல்லட்டும்.

•

மன்னை ஆடிட்டர்
செவ்வாய், இரவு 9.35

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நெல்லாக வந்தாலும் அது தொழில் வரவுதான். வந்த தேதி, மூட்டை, எடை, அன்றைய விலையில் மதிப்பு இவற்றை எழுதிக் கட்டண வரவில் சேர்த்துவிடுங்கள். அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கும் நம் பகுதி வழக்கறிஞருக்கு ரொக்க அடிப்படைக் கணக்கு முறை பொருந்தும்: பணம் கைக்கு வந்த ஆண்டில் வருமானம். பில் எழுதியதற்காகவே வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. அதே நேரம் முன்கூட்டி வந்த கட்டணமும் வந்த ஆண்டின் வரவே.

32-ஆம் விதிக்கு அதன் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. நிலுவையில் உள்ள வழக்கில், கட்சிக்காரரோடு முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், நீதிமன்ற விதியின் காரணமாக வழக்கு நகர்வதற்காக நீதிமன்றத்தில் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், அப்படிக் கட்டுவது விதிமீறல் ஆகாது. ஆனால் ஐயா, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கட்சிக்காரர் கணக்குக்கு முதலில் பணத்தை மாற்றுங்கள், பிறகு கட்டுங்கள். அப்போது அது உங்கள் பணம் என்பது பதிவில் நிற்கும். இழுப்பறையிலிருந்து எடுத்தால் அது யார் பணம் என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

மொத்தமாகப் பேசுவது தவறு என்று எந்த விதியும் சொல்லவில்லை. எழுத்தில் இருக்கட்டும். “தட்டச்சு, நகல், தபால், பயணம் உட்பட கட்டணம் இவ்வளவு, நீதிமன்றக் கட்டணம், ஆணையர் கட்டணம், நீதிமன்றத்தில் கட்டும் வைப்புத்தொகை தனி” என்று இரண்டு வரி, இருவர் கையெழுத்து. தனியாக வருவதற்குத்தான் பேரேட்டில் பக்கம்.

வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் வழக்கு நடத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 60,000 ரூபாய்க்குப் பில் கொடுக்கிறீர்கள். 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 54,000 கணக்கில் வருகிறது. 54,000 ரூபாயையே வருமானமாக எழுதும் பலரைப் பார்க்கிறேன். வருமானம் 60,000, பிடித்த 6,000 நீங்கள் முன்கூட்டியே கட்டிய வரி. ஜிஎஸ்டி பற்றிக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: விவசாயி போன்ற தனிநபருக்குச் செய்யும் சட்ட சேவைக்கு வரி இல்லை, பதிவு வரம்பைத் தாண்டிய வணிக நிறுவனமாக இருந்தால் அந்த நிறுவனமே கட்ட வேண்டும்.

•

குடமுருட்டிக் கரை
வியாழன், இரவு 10.20

நேற்று முழுவதும் தரையில் உட்கார்ந்து அந்தக் கட்டைப் பிரித்தேன். குமாஸ்தா ஐயா சொன்னபடியே எல்லாம் உள்ளே இருந்தது. அவர்கள் வீட்டு நோட்டில் மூன்று தேதிகளும் இருந்தன. முதல் வரியில் “வக்கீல் பீஸ் 15” என்று பெரியவரின் கையெழுத்து. சீனியரிடம் தொலைபேசியில் கேட்டேன், 15,000 பேசியதை அவரும் உறுதி செய்தார்.

எழுதிய பக்கத்தை இங்கே தருகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். வரவு 30,000. கட்டணம் போகச் செலவுக்கென்று 15,000. நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதப்படி 9,000. தட்டச்சு, நகல், அழைப்பாணைக்கான படிச்செலவு 1,380. பதிவுத் தபால் 120. சான்றிட்ட நகல் 300. மொத்தச் செலவு 10,800. கட்சிக்காரருக்குத் திருப்ப வேண்டியது 4,200.

அது மட்டுமல்ல. சமரசப் பதிவுக்குப் பின்னால், இரண்டு வாய்தாத் தாள்களுக்கு நடுவில், நீதிமன்றக் கட்டணத்தை மாவட்ட ஆட்சியரிடம் திரும்பப் பெறுவதற்கான சான்றிதழ் மடிந்து கிடந்தது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவுப்படி சமரசத்தில் முடிந்த வழக்கில் வாதிக்கு முழுக் கட்டணமும் திரும்பும். 9,000 ரூபாய்! அந்தச் சான்றிதழைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. நான் கட்டைப் பிரிக்காமல் “எல்லாம் சரியாகிவிட்டது, தர வேண்டியது ஒன்றுமில்லை” என்று வாழைப்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று மாலை கிராமத்துக்கே போனேன். கணக்கின் நகல், 4,200 ரூபாய், சான்றிதழ் மூன்றையும் பெரியவர் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அவர் நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தையும் தன் பக்கத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தார். தபால் செலவில் நின்று, “120 சரிதானா? நாலு பேருக்கு அனுப்பினீர்களே” என்றார். ரசீதுகளைக் காட்டினேன். தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

•

வெண்ணாறு
வியாழன், இரவு 10.48

கணக்குச் சீட்டு நீட்டினால் நம்பிக்கை போய்விடும் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அம்மா.

•

கீழ்வேளூர் இளையவர்
வெள்ளி, காலை 7.05

மீதியுள்ள நூறு கட்டுகளை என்ன செய்யப் போகிறீர்கள் அக்கா? எங்கள் சீனியரிடம் இந்த இழையைக் காட்டினேன். நானே நோட்டு வாங்கி ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

•

பழைய குமாஸ்தா
வெள்ளி, காலை 7.40

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டாக வாங்குங்கள் தம்பி, தாள் கிழிக்க வராதது. எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்கள். முதல் நாலு பக்கம் பெயர் அகராதிக்கு. பழைய கட்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள், பாதியில் சோர்ந்துவிடும். அடுத்த வாரம் எந்தெந்த வழக்குக்கு வாய்தா இருக்கிறதோ அந்தக் கட்டுகளை மட்டும் இந்த வாரம் பிரித்து எழுதுங்கள். மூன்று நாலு மாதத்தில் தானாக எல்லாம் வந்துவிடும். நீதிமன்றத்தில் கட்டுவதற்கென்று யாராவது பணம் கொடுத்திருந்தால் அதை மட்டும் இன்றைக்கே பாருங்கள், வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

•

குடமுருட்டிக் கரை
வெள்ளி, காலை 8.10

அப்படித்தான் செய்யப் போகிறேன். வங்கியில் இரண்டாவது கணக்குக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஏழு வழக்குகள், ஏழு பக்கங்கள். குத்தகை வைப்புத்தொகைக்கென்று வந்த பணம் இரண்டு கட்டுகளில் இருக்கிறது. ஒன்றுக்குக் கெடு வரும் புதன்கிழமை. இன்று காலையிலேயே போய்க் கட்டிவிட்டு வருகிறேன்.